கதவு எண் இல்லாத பிள்ளைகள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தினர் பலரின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் இங்கே இடம்பெறுகின்றது.)

 

      

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். கல்வி உதவி என்னும் தலைப்பின் கீழும் ஒரு தொகை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், நமது தெருமுனையிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் நோட்டுகளும் வழங்குகின்றோம். படம் எடுத்து ஆண்டு மலரிலும் வெளியிடுகின்றோம். அல்ஹம்து லில்லாஹ், நல்ல பணிதான். எனினும் கணக்கில் ஏறாத ஒரு செய்தி இருக்கின்றது. அதனை இன்று தங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சென்ற கார்த்திகை மாதத்தில், நல்ல மழை நாளொன்றில், அஸர் தொழுகைக்குப் பின்னர் அப்பள்ளியின் தலைமையாசிரியை அம்மையார் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வந்தார்கள். கையில் மூன்று புத்தகப் பைகள். நாம் வழங்கிய அதே பைகள்தாம்.

"ஐயா, இவை ஜமாஅத் கொடுத்தவை. இந்த மூன்று பிள்ளைகளும் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டோம். வேறு யாருக்காவது பயன்படட்டும்" என்றார்கள்.

பிள்ளைகள் வராதபோது பை மட்டும் எவ்வாறு பள்ளியில் இருந்தது என்று வினவினோம். அப்போதுதான் விவரம் தெரிந்தது. அப்பிள்ளைகளுக்கு வீடு இல்லை. மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த சாலையொன்றின் நடைபாதையில், பாட்டி காலத்திலிருந்தே வசித்து வரும் குடும்பம் அது. பையை எடுத்துச் சென்றால் மழையில் நனைந்துவிடும். நனையாவிட்டால் இரவில் களவு போய்விடும். ஆகவே மாலையில் மணி அடித்ததும் வகுப்பாசிரியையின் பீரோவில் பையை வைத்துவிட்டு வெறுங்கையுடன் செல்வார்களாம். காலையில் வந்து எடுத்துக்கொள்வார்களாம். விடுமுறை நாட்களில் சாலை வேலைக்கென்று அக்குடும்பங்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். பிள்ளைகள் சென்ற இடம் தெரியவில்லை. பைகள் மட்டும் பீரோவில் எஞ்சியிருந்தன.

ஏழ்மை என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம்மில் பலர் அதில் பிறந்து வளர்ந்தவர்களே. ஆனால் வீடின்மை என்பது ஏழ்மையின் இன்னொரு படி அன்று. அதன் தன்மையே வேறு. ஓலைக் குடிசையில் வாழும் பிள்ளைக்கும் ஒரு மூலை உண்டு. அந்த மூலையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பெட்டிக்குள் அதன் புத்தகம் உண்டு. நடைபாதையில் வாழும் பிள்ளைக்கு மூலை என்பதே இல்லை.

பாரிமுனை, சவுகார்பேட்டை, வால்டாக்ஸ் சாலை ஆகிய பகுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து சென்றோர் இதனைக் கண்டிருப்பீர்கள். கடைகள் திறந்திருக்கும் வரை அக்குடும்பங்கள் படுக்க இயலாது. கடைசிக் கடையின் கதவு இறங்கிய பின்னரே படிக்கட்டைக் கழுவிப் பாயை விரிப்பார்கள். விடியற்காலையில் சரக்கு வண்டிகள் வந்து நிற்கும், எழுந்துவிட வேண்டும். பிள்ளை உறங்குவது ஐந்து மணி நேரமோ, அதற்கும் குறைவோ. கட்டணக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்று, குளித்தும் குளிக்காமலும் பள்ளிக்கு ஓடி வரவேண்டும். வயதுக்கு வந்த பெண்பிள்ளையாக இருந்தால் வெளிச்சம் வருமுன் குளித்து முடிக்க வேண்டும். தாய்மார்கள் அறிவார்கள், இதற்கு மேல் நாம் விவரிக்கத் தேவையில்லை. அத்தகைய பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிடுவதற்குப் படிப்பில் ஆர்வமின்மை காரணமன்று.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் நாள் இரவில், நாடு முழுவதும் வீடற்றோரைத் தனியாகக் கணக்கெடுத்தனர். சாலையோரம், மேம்பாலத்தின் அடி, பெரிய குழாய்களின் உட்புறம், இரயில் நிலைய நடைமேடை, திறந்தவெளி வழிபாட்டுத் தலங்கள் ஆகியவற்றில் அன்றிரவு காணப்பட்டோர் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர். இது ஓர் இரவில் கண்ணில் பட்டோரின் கணக்கு. வாடகை கொடுக்க வழியின்றி மச்சான் வீட்டிலும் மாமி வீட்டிலும் ஒண்டிக்கொண்டு, பத்துக்குப் பத்து அறையில் இரண்டு குடும்பமாகப் படுத்திருப்போர் இக்கணக்கில் வரமாட்டார்கள். நம் மஹல்லாவிலேயே அத்தகைய வீடுகள் எத்தனை என்பதைச் சந்தா வசூலிக்கச் செல்லும் சகோதரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப்பாடம் என்று ஒரு சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்துகின்றோம். அச்சொல்லிலேயே வீடு அமைந்திருக்கின்றது. வீடற்ற பிள்ளை அதனை எங்கே அமர்ந்து எழுதும்? தெருவிளக்கின் கீழ் படித்துப் பெரியவர்களானோரின் கதைகளை மேடைகளில் சொல்லி மகிழ்கின்றோம். நாமும் ஜும்ஆ மேடையில் சொல்லியிருக்கின்றோம். தெருவிளக்கின் கீழ் படித்துத் தேறாமல் போனவர்களைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. அவர்களே மிகப் பெரும்பாலோர்.

நாம் பன்னிரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியுடன் அரபிக் கல்லூரியில் சேர்க்கப்பட்டோம். வீட்டில் அன்று இரு வேளைச் சோற்றுக்கே வழியில்லை. மதரஸா நமக்கு அளித்தவற்றுள் பெரிதாக இன்று எண்ணுவது பாடத்தையன்று. அதற்கு முன்னர், இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம் எரிந்த அந்த ஒரு குழல்விளக்கும், நமது பெயர் எழுதிய அந்த ஒரு முழச் சுவரோரமும் கிடைத்தன. அவை இல்லாதிருந்தால் உஸ்தாதுமார்கள் எவ்வளவு சிறந்தவர்களாயினும் நமக்கு எதுவும் ஏறியிருக்காது.

இதில் நமக்குப் பழைய முன்மாதிரி உண்டு. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலையொட்டி ஸுஃப்பா என்னும் திண்ணை இருந்தது. குடும்பமோ வீடோ இல்லாத தோழர்கள் அங்கே தங்கி மார்க்கம் கற்றார்கள். வீடற்ற மாணவர்களுக்குப் பள்ளிவாசலே முகவரியாக இருந்தது. அவர்களுள் ஒருவரான அபூஹுரைரா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் தம் நிலையைத் தாமே எடுத்துரைத்துள்ளார்கள். பசியினால் பள்ளிவாசலில் மயங்கி விழுந்து கிடப்பார்களாம். கடந்து செல்வோர் இவருக்குச் சித்தப்பிரமை பிடித்துவிட்டது என்று எண்ணுவார்களாம். உண்மையில் அது பசி ஒன்றுதான். மிக அதிகமான நபிமொழிகளை அறிவித்த பெருந்தகைக்கு மாணவப் பருவத்தில் நேர்ந்த நிலை இது!

முதல் பாடவேளையிலேயே மேசை மீது தலை சாய்த்துவிடும் பிள்ளையைக் கண்டு, சோம்பேறி என்று ஆசிரியர் எண்ணுவதும் இத்தகையதே. தலைமையாசிரியை அம்மையார் சொன்னார்கள்: "பணியில் சேர்ந்த புதிதில் நானும் அடித்திருக்கிறேன் ஐயா. பிறகுதான் ஒருநாள், நேற்றிரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கத் தோன்றியது."

இவ்விஷயத்தில் தமிழகம் செய்துள்ள பணியை மறைப்பது நன்றியின்மையாகும். 1920ஆம் ஆண்டிலேயே, சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, நமக்கெல்லாம் நன்கு தெரிந்த ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. பெருந்தலைவர் காமராசர் 1950களில் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். அவர்கள் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். சமைத்த உணவை எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2001 நவம்பரில்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவடைந்தது. காலை உணவு வந்த பின்னர் முதல் பாடவேளையில் தலை சாய்ப்போர் குறைந்துவிட்டனர் என்று அம்மையாரே மகிழ்ச்சியுடன் தெரிவித்தார்கள். ஆனால் அவ்வுணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் காலடி வைத்த பிள்ளைக்குக் காலைப் பசி மறுபடியும் தொடங்கிவிடுகின்றது.

சோறு கிடைக்கின்றது; புத்தகம், சீருடை, பேருந்து அட்டை கிடைக்கின்றன. இவையெல்லாம் பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைக்கே கிடைக்கும். இடம் பெயரும் பிள்ளைக்கு முதலில் அறுபடுவது அந்தப் பெயர்தான்.

குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்று அது தெளிவாகக் கூறுகின்றது. பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தலாகாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும். நம்மில் பலர் இதனை அறியாததால் சொல்லி வைக்கின்றோம்: ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைக் காகிதம் இல்லையென்று எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்பவியலாது. திருப்பி அனுப்பினால் அப்பிள்ளையின் கைபிடித்து மீண்டும் அழைத்துச் செல்லுங்கள்.

சட்டம் சேர்க்கும் உரிமையைத் தருகின்றது. இருந்த பள்ளியிலேயே தொடர்வதற்கு வழி செய்துதருவதில்லை. அதன் விளைவைச் சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காண்கின்றோம். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, மாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தந்தனர். பிள்ளை அதே பள்ளிக்குச் சென்றது. தகப்பன் அதே வேலைக்குச் சென்றார். 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடிக்கு மக்களை அனுப்பலாயினர். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் அதிகமான குடியிருப்புகள். கூவம், அடையாறு கரைகளில் 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அகற்றப்பட்டோர் பெரும்பாக்கம் சென்றனர். 2019 டிசம்பர் இறுதியில், தீவுத்திடலுக்கு அருகிலுள்ள சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்திற்கு ஏற்றி அனுப்பினர். கல்வியாண்டின் நடுப்பகுதி, பொதுத் தேர்வுக்கு மூன்று மாதங்களே இருந்தன. 2022 ஏப்ரல் இறுதியில் ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் வீடுகள் உச்ச நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டன. அடுத்த வாரம் பொதுத் தேர்வுகள் தொடங்கவிருந்தன. எதிர்ப்புத் தெரிவித்து அங்கு ஒருவர் தீக்குளித்து உயிர் நீத்ததைச் செய்தித்தாள்களில் படித்தீர்கள்.

நீர்வழிகளைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. 2015 வெள்ளத்தில் பள்ளிவாசலின் கீழ்த்தளம் வரை தண்ணீர் வந்ததை மறக்கவில்லை. அப்புறப்படுத்துவதே தவறென்று நாம் கூறவில்லை. ஏப்ரலில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை இடைவெளி இருக்கின்றதே, அதற்குள் செய்தால் என்ன என்பதே நமது கேள்வி. பெற்றோர் பெரும்பாக்கத்திற்குச் செல்ல, பத்தாம் வகுப்புப் பிள்ளை பழைய பள்ளியிலேயே தேர்வெழுத வேண்டி, இருள் விலகுமுன் பேருந்தேறி ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்த கதைகள் பல உண்டு. சிலர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தனர். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப அஞ்சியோர் அதற்கும் முன்னரே நிறுத்தினர்.

அமெரிக்கா செல்வச் செழிப்பு மிக்க நாடு. அங்கும் நியூயார்க் நகரின் அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் 1 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வீடற்றவர்களாகப் பதிவாகின்றனர் என்பதை அறிந்தபோது வியப்படைந்தோம். ஆனால் அங்கே 1987இல் ஒரு சட்டம் செய்து, பின்னர் அதனைத் திருத்தி வலுப்படுத்தியுள்ளனர். வீடிழந்த பிள்ளை வேறு பகுதிக்குப் பெயர்ந்தாலும், விரும்பினால், முன்பு படித்த பள்ளியிலேயே தொடரலாம்; போக்குவரத்தை அரசுப் பள்ளி நிர்வாகமே ஏற்பாடு செய்ய வேண்டும். இத்தகைய பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே ஒவ்வொரு பள்ளி வட்டாரத்திலும் ஓர் அலுவலர் உண்டு. உறவினர் வீட்டில் இடநெருக்கடியில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் வீடற்ற பிள்ளை என்றே அச்சட்டம் கொள்கின்றது. அங்குள்ள குறைகள் அனைத்தும் தீர்ந்துவிட்டன என்பதன்று. பிள்ளைக்கு வீடு போனாலும் பள்ளி போகக்கூடாது என்பதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கின்றார்கள். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் கைநிறையச் சம்பளம், கை ஓயாத விடுமுறை என்று தேநீர்க் கடையில் பேசுவோம். அம்மையாரின் மேசை இழுப்பறையை ஒருமுறை திறந்து காட்டினார்கள். நகவெட்டி, ஊசி நூல், பிஸ்கட் பொட்டலங்கள், பேன் சீப்பு, இரண்டு பழைய சீருடைகள், பெண்பிள்ளைகளுக்கான துணிப் பொருட்கள். எல்லாம் சொந்தப் பணத்தில். பாடம் தொடங்குவதற்கு முன்னர் ஒரு பிள்ளைக்குத் தலை சீவி, ஒரு பிள்ளைக்குப் புண்ணில் மருந்திட்டு, ஒரு பிள்ளைக்கு உறங்க இடம் தந்து, பிறகே கரும்பலகைக்குச் செல்கின்றார்கள். அலுவலர்களின் ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று கேட்பார்களாம். படிவத்தில் காரணம் எழுத இடமுண்டு. வீடு இடிக்கப்பட்டது என்று எழுதினால் அது காரணமாக ஏற்கப்படுவதில்லையாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். 63 பிள்ளைகள் உள்ள பள்ளியிலிருந்து இரண்டு குடும்பங்களின் நான்கு பிள்ளைகள் போனால் 59 ஆகிவிடும். மூன்றாவது ஆசிரியர் உபரி ஆசிரியர் ஆகிவிடுவார். பணிநிரவலில் வேறு ஊருக்குச் செல்ல நேரும். எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளையும் கவனிக்க வேண்டும். அதனைக் காணும் பெற்றோர், கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றுவர். எண்ணிக்கை மேலும் குறையும். நடைபாதையில் ஒரு குடும்பத்தை அகற்றினால் பள்ளியில் ஒரு நாற்காலி அசைகின்றது. மக்களை இறக்கிவிட்ட பகுதியிலோ இதற்கு நேர்மாறு. ஒரே வகுப்பில், ஒன்பது பள்ளிகளிலிருந்து ஒன்பது வெவ்வேறு பாடம் வரை படித்து வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

ஆசிரியர் அனைவரும் கைநிறைய வாங்குவோர் அல்லர். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்கென 2012இல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அரசு நியமித்தது. அவ்வூதியம் பின்னர் சிலமுறை உயர்த்தப்பட்டது. எனினும் அதைக்கொண்டு இந்நகரில் ஒரு வாடகை வீட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எளிதன்று. (சம்பளத்தைப் பற்றி இமாம் பேசத் தொடங்கியதும் நிர்வாகிகள் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகின்றது. அஞ்ச வேண்டாம், இன்றைய பேச்சு அதுவன்று.)

இப்பொழுது நமது பிழைக்கு வருகின்றோம். இதனைச் சொல்லவே இன்று இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்.

அந்த மூன்று பைகளில் ஒன்றின் மீது எழுதியிருந்த பெயர் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையின் பெயர். எட்டாம் வகுப்பு. மற்ற இருவர் அவளுடைய தம்பிகள். பெயரைக் கண்டதும் நமக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. ஆடி மாதத்தில் ஒரு தாய் இதே அலுவலகத்திற்கு வந்தார். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஜமாஅத் கடிதம் வேண்டும் என்றார். ஒன்பதாம் வகுப்பு சேரும்போதும், பின்னர் உதவித்தொகைக்கும் அது தேவைப்படும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். தலைமையாசிரியை கையெழுத்திட்ட படிப்புச் சான்றும் அவர் கையில் இருந்தது. நமது கணக்கர் பதிவேட்டைப் புரட்டினார். பதிவேடு நீங்கள் அறிந்ததே: தெரு, கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், சந்தா. அந்தத் தாய்க்குத் தெரு உண்டு. கதவு எண் இல்லை.

"குடும்ப அட்டை கொண்டு வாருங்கள் அம்மா" என்றோம் நாம்.

"அட்டை இருந்தால் நான் ஏன் ஹஜ்ரத் இங்கு வருகிறேன்?" என்றார் அவர்.

நிர்வாகத்தில் பேசிச் சொல்கின்றோம் என்று அனுப்பி வைத்தோம். பேசினோமா? அடுத்த கூட்டத்தில் மண்டபத்திற்குக் குளிர்சாதனம் பொருத்துவது பற்றிய விவாதம் நீண்டுவிட்டது. அதற்கடுத்த கூட்டத்தில் நாமே மறந்துவிட்டோம். அந்தத் தாய் மீண்டும் வரவில்லை. ஒரு கடிதம் இருந்தால் அவர்களை நடைபாதையிலிருந்து அகற்றியிருக்க மாட்டார்கள் என்பதன்று. ஆனால் அகற்றப்பட்ட அன்று அவர் எங்கேயாவது சென்று சொல்ல நினைத்திருந்தால், நமது வாசலுக்கு வந்திருப்பார் அல்லவா? ஏற்கெனவே ஒருமுறை கதவு எண் கேட்ட வாசல் இது.

கல்வி உதவிக் கணக்கில் மூன்று பைகளின் விலை இருக்கின்றது. இந்த நிகழ்வு இல்லை.

ஆகையால் நிர்வாகக் குழுவிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்தோம். ஒன்று, பதிவேட்டில் கதவு எண் இல்லாதோருக்கென ஒரு பகுதியைத் திறப்பது. அவர்கள் உறங்கும் இடத்தை எழுதிக்கொள்ளலாம்: இன்ன கடையின் படி, இன்ன பாலத்தின் தூண். சந்தாக் கட்டத்தை வெறுமையாக விடலாம். முத்தவல்லி அவர்கள் உடனே இசைந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. இதனால் வருவோர் போவோரெல்லாம் கடிதம் கேட்பார்கள் என்று அச்சம் தெரிவித்த சகோதரருக்கு நமது விடை: விசாரித்துக் கொடுப்போம். விசாரிக்கக் கால் வலிக்கும்; அவ்வளவே. சாலைக்குச் செல்ல நாம் தயார்.

மற்றொன்று மண்டபம். நிக்காஹ் நடைபெறும் நாட்கள் நீங்கலாக, ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் அம்மண்டபம் பூட்டியே கிடக்கின்றது. மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, கழிப்பறை உண்டு, குடிநீர் உண்டு. மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்து படிக்க அதனைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டோம். பள்ளியின் ஆசிரியர்கள் இருவர் முறை வைத்து வந்து இருப்பதாகக் கூறியுள்ளனர். பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்து அறை, உடன் ஓர் ஆசிரியை. பெண்பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு மஹல்லாவின் தாய்மார்கள் சிலர் முன்வந்துள்ளார்கள்.

இதில் ஓர் ஆட்சேபம் எழுந்தது. வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் அல்லரே, ஜமாஅத் பணத்தை அவர்களுக்குச் செலவிடலாமா என்றார்கள். கேள்வி நியாயமானதே, மார்க்கச் சட்டம் அறிந்து கேட்டார்கள். ஜகாத்துக்கு உரியோர் யாவர் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. அதிலிருந்து ஒரு பைசாவையும் இதற்கு எடுக்கவில்லை. மின்கட்டணம் மண்டப வாடகை வருவாயிலிருந்து செல்லும், போதாதது ஸதகாவிலிருந்து. ஸதகாவைப் பிற மதத்தவருக்கும் அளிக்கலாம் என்பதில் ஆலிம்களிடையே பிணக்கில்லை. அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்தே உண்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவர் தாமே ஒரு மாத மின்கட்டணத்தை ஏற்றுக்கொண்டார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகின்றோம்.

மண்டபத்தின் பின்சுவரில் இரும்பு அலமாரி ஒன்று நிறுத்தியிருக்கின்றோம். ஐம்பது பைகள் கொள்ளும். பையைச் சுமந்து நடைபாதைக்குச் செல்ல வேண்டியதில்லை. சனி ஞாயிறு உட்பட எந்நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம். சாவி முஅத்தின் அவர்களிடம் இருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு வாங்கிய நாற்பது பலகைகளுக்கு இன்னும் பத்துப் பலகைகள் தேவைப்படுகின்றன. தச்சு வேலை தெரிந்த சகோதரர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம்மைச் சந்திக்கவும். கணக்கு, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இயன்ற கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் தந்தால் போதும். முத்தவல்லி அவர்கள் இன்று ஒப்புதல் அளித்துவிட்டதால் வரும் திங்கட்கிழமை மாலை கதவு திறக்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்த மூன்று பைகளையும் வேறெவருக்கும் வழங்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கின்றோம். பாரிமுனையிலிருந்து இராயபுரம் வரையுள்ள பாலங்களின் அடியிலும் சந்தை ஓரங்களிலும் இரு வாரங்களாக விசாரித்தோம். மூலக்கொத்தளம் பக்கம் கண்டதாக ஒரு பூக்காரப் பெண்மணி சொன்னார். அங்கு சென்றபோது அவர்கள் இல்லை. சரக்கு வண்டி ஓட்டும் சகோதரர்கள், இரவில் கடையடைத்துத் திரும்பும் சகோதரர்கள், ஒரு தாயும் எட்டாம் வகுப்புப் பெண்ணும் இரு சிறுவர்களும் சேர்ந்து தங்கியிருக்கக் கண்டால், எந்நேரமாயினும் நமக்குத் தெரிவியுங்கள். கடிதம் எழுதி, முத்தவல்லி அவர்களின் கையொப்பத்துடன் ஆயத்தமாக இருக்கின்றது.